எல்மர் ஏரித் தீவில் அந்தோனியார்

அந்தோனியாரே, இது உம்முடைய காதில் விழாத மாதிரியே இரும். பிள்ளை படித்த பிள்ளை, படித்ததைச் சொல்கிறாள். உம்மை இங்கே கொண்டுவந்து நிறுத்தியவள் நான். வெட்கப்படுவதென்றால் நான் படுகிறேன், நீர் சும்மா நில்லும்.

பிளோறன்ஸ் இதை வாய் திறந்து சொல்லவில்லை. திறந்தால் சிரிப்பு வருமா அழுகை வருமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. அவளுக்கு முன்னால், இடிந்த கோட்டையின் மேற்குச் சுவரில், ஆள் நுழையக்கூடிய அளவுக்கு ஒரு கல்மாடம் இருந்தது. மேலே அழகான வளைவு. கீழே முழங்கால் உயரத்தில் ஒரு கற்பலகை. பலகையின் நடுவில் வட்டமாக ஒரு துளை. அந்தத் துளையில் அடிப்பீடம் கச்சிதமாகப் பொருந்த, ஒன்றரை அடி உயரத்தில் அந்தோனியார் சுருபம் நின்றது. ஒரு கையில் குழந்தை யேசு, மறு கையில் லீலிப் பூ. காலடியில் எரிந்து முடிந்த மெழுகுதிரிகள். வரும் ஒக்டோபரோடு அவர் அங்கே நிற்கத் தொடங்கி நான்கு வருடம்.

"நான் மூண்டு தரம் அளந்து பாத்திட்டன் அம்மா," என்றாள் மகள் லவினியா. கையில் அளவெடுக்கும் கருவி, தலையில் மஞ்சள் தொப்பி. "இது கோயில் மாடம் இல்லை. இது அவையின்ர கக்கூசு."

"ஆற்ற கக்கூசு?"

"எல்மராட் குடும்பத்தின்ர. கோட்டை கட்டேக்கையே வைச்சுக் கட்டினது. இதில இருந்தா நேர ஏரிக்குள்ள விழும். தண்ணியும் வேண்டாம், கழுவவும் வேண்டாம்."

"அப்ப இந்த வளைவு?"

"எழும்பேக்க தலை அடிபடாமல் இருக்க."

"இந்த ஓட்டை..."

லவினியா உதட்டைக் கடித்துக்கொண்டு ஏரியைப் பார்த்தாள். அவளுடைய தோள்கள் குலுங்கின.

"சிரிக்காதை," என்றாள் பிளோறன்ஸ். "மெழுகுதிரி வைக்கிறதுக்கெண்டெல்லோ நான் நினைச்சன். சுருபம் சரியா இருந்திச்சு. அளவெடுத்துச் செய்த மாதிரி."

"அளவெடுத்துத்தான் செய்திருக்கினம் அம்மா, வேற அளவு."

இதற்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். லவினியா கற்பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிளோறன்ஸ் சிரித்த கையோடு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

சிரித்து முடிந்ததும் லவினியா விஷயத்துக்கு வந்தாள். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அரசாங்கப் பகுதியில் அவளுக்கு வேலை. இந்த வருடம் எல்மர் தீவின் கோட்டையை அளந்து, எந்த இடம் என்னவாக இருந்தது என்று ஆறு அறிவிப்புப் பலகைகள் வைப்பது அவளுடைய பொறுப்பு. சனிக்கிழமை எல்மராட் குடும்பத்தின் வருடாந்த ஒன்றுகூடல். அதற்கு முதல் நாள் பலகைகள் நட்டாக வேண்டும். நான்காம் இலக்கப் பலகை இந்த மாடத்துக்கு.

"கக்கூசு எண்டு எழுதிப்போட்டு பக்கத்தில அந்தோனியாரை நிக்க விடேலாது அம்மா. கிழக்குச் சுவருக்கு அங்கால முள்ளுப் பத்தை இருக்கெல்லோ? அங்கதான் அவையின்ர சின்னக் கோயில் இருந்திருக்கு. அத்திவாரம் கிடக்கு. அவரை அங்க வைப்பம். வெள்ளிக்கிழமைக்கு முதல் நீங்களே எடுத்து வைச்சா நல்லம். நான் தொட்டா உங்களுக்கு மனவருத்தம்."

கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. குரலிலும் பிழையில்லை, அம்மாவைப் பிள்ளைபோல் வைத்து அன்பாகச் சொன்னாள். பிளோறன்ஸ் "பாப்பம்" என்றாள். லவினியா அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த சுவரை அளக்கப் போனாள்.

*

எல்மர் ஏரி ஜெர்மனியின் எசன் நகரிலிருந்து இரண்டு மணி நேரக் கார் ஓட்டம். ஏரியின் நடுவில் தீவு, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நிதானமாக நடந்தால் நூற்றுப்பத்து அடி வைக்கலாம். அதில் பாதி உயரத்தில் முறிந்த ஒரு கோபுரம், மூன்று சுவர்கள், நிறைய நாரைகள். பிளோறன்சின் கணவர் சூசைதாசனுக்குக் கரையிலிருந்த முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை கிடைத்தபோது எசனிலிருந்து இங்கே குடிவந்தார்கள். அவள் ஏரிக்கரை உணவகத்தில் துப்புரவு வேலைக்குப் போனாள். தீவுக்குப் படகு விடும் மனிதர் முதுகுவலியோடு ஓய்வு பெற்றதும், ஊராட்சி அலுவலகம் ஆள் தேவை என்ற துண்டை உணவகக் கதவில் ஒட்டியது. மூன்று மாதம் அந்தத் துண்டை அவளே தினமும் துடைத்தாள். நான்காவது மாதம் கிழித்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள்.

மன்னார்ப் பேசாலையில் அவளுடைய தகப்பனுக்கு இரண்டு வள்ளங்கள் இருந்தன. பெண்பிள்ளைகள் வள்ளத்தில் கால் வைத்தால் மீன் படாது என்று ஆறு பெண்பிள்ளைகளையும் கரையோடு நிறுத்திவிட்டார் அவர். ஐம்பதாவது வயதில் ஜெர்மன் மொழியில் சோதனை எழுதி அவள் படகோட்டும் அனுமதி எடுத்தாள். எழுத்துச் சோதனையில் மட்டுமட்டாகத் தப்பினாள். முடிச்சுப் போடுவதில் முழுப் புள்ளி. இப்போது மின்மோட்டார் பூட்டிய பதினொரு பேர் ஏறும் படகு அவளுடைய கையில். தீவின் இரும்புக் கதவுப் பூட்டின் திறப்பும் அவளுடைய இடுப்பில்.

வருகிறவர்களுக்குக் கதை சொல்வதும் அவள்தான். எல்மராட் குடும்பம் நானூறு வருடம் இந்தத் தீவில் இருந்து ஏரியைச் சுற்றியிருந்த ஊர்களையெல்லாம் ஆண்டது. பிறகு முப்பது வருடப் போர் வந்தது, சுவீடன் படை வந்து கொளுத்தியது, குடும்பம் திசைக்கொன்றாய்ச் சிதறியது. "முப்பது வருடம்" என்று சொல்லும்போது அவளுக்கு ஒவ்வொரு தரமும் வசனம் பாதியில் நிற்கும். வந்தவர்கள் அது மொழித் தடுமாற்றம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தக் குடும்பம் இன்றைக்கும் வருடத்தில் ஒருநாள் கூடுகிறது. கோட்டை இல்லை, காணி இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. ஹம்பேர்க்கிலிருந்து, சுவிஸிலிருந்து, எங்கெங்கோ இருந்தெல்லாம் நாற்பது ஐம்பது பேர் வந்து இரண்டு மரங்களுக்கிடையில் நீளத் துணியில் எழுதிய வம்ச வரலாற்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பெயர் விட்டுப்போனவர்கள் சண்டை பிடிப்பார்கள். சொசேஜ் சுட்டுச் சாப்பிட்டு, இறந்தவர்களின் பெயரை வாசித்து, பின்னேரம் கட்டிப்பிடித்துப் பிரிவார்கள். எசனில் பேசாலைச் சங்கத்தின் ஒன்றுகூடலும் அச்சாக இப்படித்தான். அதனால் பிளோறன்சுக்கு அவர்கள் மேல் ஒரு பட்சம்.

குடும்பத்தின் தலைவி பெனடிக்டா ஃபொன் எல்மராட், ஓய்வுபெற்ற மிருக வைத்தியர். முத்துமாலையோடு ரப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வருகிற நெடிய மனுசி. சூசைதாசன் என்ற பெயர் அவருக்கு முழுதாக வராது. "ஃபிராவ் சூசை" என்று, திருமதி என்கிற ஜெர்மன் சொல்லோடு, கூப்பிடுவார். ஒவ்வொருவரும் ஒரு கல் கொண்டுவந்து இடிந்த சுவரில் வைப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். பழைய சுவரில் புதிய கல் சேர்க்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டபிறகும் பெனடிக்டா கோட்டுப் பையில் ஒரு கல்லோடுதான் படகில் ஏறுவார். அந்தப் பக்கமாகப் படகு சற்றுச் சாயும். பிளோறன்ஸ் ஒன்றும் கேட்கமாட்டாள்.

சுருபம் எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொன்ன பதில் ஒன்றுதான். கூடு வெறுமையாகக் கிடந்தது, அதுதான் வைத்தேன். சொன்னால் எல்லாருக்கும் விளங்கியது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சந்திக்குச் சந்தி சுருபக்கூடு பார்த்து வளர்ந்தவர்களுக்கு, வளைவோடு ஒரு மாடமும் உள்ளே ஒரு பலகையும் கண்டால் வேறென்ன தோன்றும்? முதலில் எசனிலிருந்து நாலு குடும்பம் வந்தது. பிறகு சின்ன பஸ் பிடித்து வந்தார்கள். விண்ணப்பங்களைத் துண்டில் எழுதி, சுருபத்துக்குப் பின்னாலிருந்த பிஸ்கட் டின்னில் போட்டார்கள். விசா, பிள்ளைப் பாக்கியம், காணாமல்போன மோதிரம், காணாமல்போன அண்ணன். சைவக்காரரும் வந்தார்கள். ஜெயமலர் தன்னுடைய மகன் கார் ஓட்டும் சோதனையில் மூன்றாம் தரமாவது பாஸ் பண்ண வேண்டும் என்று எழுதிப் போட்டு, பாஸ் பண்ணியதும் ஒரு வாளி வடையோடு வந்து படகில் இருந்த ஜெர்மன்காரருக்கெல்லாம் கொடுத்தாள்.

உண்மையான காரணம் அந்த டின்னுக்குள் இல்லை. அதை அவள் எங்கேயும் எழுதவில்லை.

*

"இஞ்ச," என்றார் சூசைதாசன், சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "நீர் பேசாலைச் சனம் முழுக்கக் கூட்டிக்கொண்டு போய்க் கக்கூசுக்கு முன்னால முழங்கால்ல நிக்க வைச்சிருக்கிறீர்."

"நீங்களும்தானே நிண்டனீங்கள்."

"நான் முழங்காலில நிக்கேல்லை. எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்."

"உங்களுக்கு முழங்கால் நோ. சந்தேகமாம் சந்தேகம்."

அவர் மேசையில் தட்டிச் சிரித்தார். முப்பத்திரண்டு வருடமாகக் கேட்கிற சிரிப்பு. வேறு நாளென்றால் அவளும் சேர்ந்திருப்பாள்.

தொலைபேசி அடித்தது. எசனிலிருந்து ஜெயமலர். அதற்குள் அங்கே செய்தி போய்விட்டது. பிளோறன்ஸ் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் யன்னலுக்கு வெளியே வானிலையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அக்கா, அது கக்கூசாம் எண்டு அண்ணை சொன்னவராம். உண்மையோ?"

"ஓம். அந்தக் காலத்துக் கக்கூசு."

"அப்ப அக்கா, என்ர பெடியன் பாஸ் பண்ணினது செல்லுமோ?"

"லைசன்ஸ் கையில இருக்கெல்லோ?"

"இருக்கு."

"அப்ப செல்லும். வையும் போனை."

பாத்திரங்களைக் கழுவும்போது சூசைதாசன் பக்கத்தில் வந்து துவாயை எடுத்துக்கொண்டு நின்றார். "பிள்ளை சொல்லுறதும் சரிதானே? கோயில் இருந்த இடம் வெறுமையாத்தானே கிடக்கு. எடுத்து வைச்சிட்டு விடும்," என்றார். அவள் தட்டைக் கழுவி அவரிடம் கொடுத்தாள். அவர் துடைத்தார். அவருக்கும் தெரியாது. தெரியாதவரிடம் கோபிக்க முடியுமா?

நான்கு வருடத்துக்கு முன், ஒக்டோபர் பதினோராம் திகதி, லவினியாவின் இருபத்துநான்காவது பிறந்தநாள். வாழ்த்துச் சொல்லத் தொலைபேசி எடுத்தபோது ஓர் ஆண்குரல் எடுத்தது. பிறகு லவினியா வாங்கிப் பேசினாள். யோனாஸ் என்ற பெடியனோடு ஒரே வீட்டில் இருக்கிறாள், ஆறு மாதமாக இருக்கிறாள், அம்மாவுக்குச் சொல்லப் பயந்து சொல்லவில்லை. பிளோறன்சுக்கு அன்றைக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியாது. கத்தவுமில்லை. சாதாரணக் குரலில்தான் சொன்னாள். "எனக்கு ஒரு பிள்ளைதான். டெனிஸ்டன். மற்றது செத்துப்போச்சு."

சொல்லி, தொலைபேசியை வைத்து, அடுப்பிலிருந்த கேக்கை எடுத்து வெளியில் வைத்தாள். பிறந்தநாளுக்கென்று இரவல் அச்சில் செய்த கேக். சூசைதாசன் வேலையால் வந்து, பிள்ளை கோபத்தில் இருக்கிறாள் என்ற அளவு மட்டும் அறிந்துகொண்டார். மூத்தவன் டெனிஸ்டனுக்கும் அவ்வளவுதான். அந்த வசனம் தாய்க்கும் மகளுக்கும் இடையிலேயே கிடந்தது.

அடுத்த நாள் காலை தொலைக்காட்சி மேசையிலிருந்த அந்தோனியாரைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு, முதல் பயணத்துக்கு முன் தனியே தீவுக்குப் போனாள். சுருபத்தின் அடியில் கறுப்பு மையால் திகதி எழுதினாள். தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிறவர் அவர். தொலைத்தவளே வந்து கேட்டால் கொடுப்பாரா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டாள்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்திருக்கலாம். தமிழ்ப் பாதிரியார், தமிழ்ச் சுவாமி, மாதம் ஒருதரம் வருவார். லவினியாவுக்குச் சின்ன வயதில் முதல்நன்மை அப்பம் கொடுத்தவர். அவருக்கு முன்னால் வாய் எழவில்லை. ஜெர்மன் சுவாமியிடம் ஒருதரம் முயன்றாள். அந்த வசனத்தை ஜெர்மனில் சொன்னபோது அது யாரோ எழுதிக் கொடுத்த வசனம்போல் சுத்தமாக இருந்தது. அவர் கருணையோடு மன்னிப்புக் கொடுத்தார். வெளியே வந்து பஸ்சுக்கு நின்றபோது அது அப்படியே அவளுக்குள் நாறிக்கொண்டிருந்தது.

அதனால் தீவுக்குப் போனாள். தினமும் காலை எட்டரை மணிக்கு. படகு நிறுத்தும் பனிக்காலத்திலும், கதவுப் பூட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித் துடுப்பு வள்ளத்தில் போனாள். ஏரி மெல்லிசாக உறைந்து வள்ளம் போகாத ஒன்பது நாள் கரையில் நின்று பார்த்தாள். மாடத்துக்கு முன்னால் நின்று அவள் செபம் சொல்லவில்லை. திட்டினாள். மகளைத் திட்டினாள், யோனாஸைத் திட்டினாள், தன்னைத் திட்டினாள், ஆறு பெண்பிள்ளைகளைக் கரையில் நிறுத்திய தகப்பனைத் திட்டினாள். வீட்டில் யாரும் கேட்டிராத சொற்களெல்லாம் வந்தன. எல்லாம் முடிந்து வாய் வெறுமையாகும்போது, அந்த ஒரு வசனத்தைச் சொன்னதில்லை என்று ஆக்கும்படி கேட்டுவிட்டுத் திரும்புவாள்.

பதினான்கு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது.

"அம்மா, சொதிக்குத் தேசிக்காய் எப்ப விடுறது? எனக்குப் பால் திரையுது."

"அடுப்பால இறக்கினாப் பிறகு," என்றாள் பிளோறன்ஸ். "இறக்கி, கொஞ்சம் ஆற விட்டு."

"எவ்வளவு நேரம்?"

"நீ கோப்பை எடுத்து வைக்கிற நேரம்."

அடுத்த கிழமை லவினியா வந்தாள். அதற்கடுத்த மாதம் யோனாஸும் வந்து, புட்டைக் கையால் சாப்பிட்டு, சூசைதாசனோடு சேர்ந்து சாக்கடைக் குழாய் திருத்தினான். கலியாணம் எப்போது என்று பிளோறன்ஸ் கேட்பதில்லை. அந்த வசனத்தைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அது இருந்த இடம் அவளுக்கும் அந்தோனியாருக்கும் மட்டும் தெரியும்.

*

வியாழக்கிழமை காலை அவள் மகள் சொன்னதைச் செய்யத்தான் போனாள்.

முட்பற்றையில் லவினியாவின் ஆட்கள் ஏற்கெனவே வழி வெட்டியிருந்தார்கள். கிழக்குச் சுவரோரம் அத்திவாரக் கற்கள் தெரிந்தன. வெயில் நேரே விழுகிற நல்ல இடம். பிளோறன்ஸ் சுருபத்தைத் துளையிலிருந்து திருகி எடுத்து, குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு அங்கே நடந்தாள். கற்களில் மட்டமான ஒன்றைப் பார்த்து வைத்தாள். மெழுகுதிரி கொளுத்தினாள். காற்று அணைத்தது. மறுபடியும் கொளுத்தினாள். அழகாகத்தான் இருந்தது. ஏரியும் வெயிலும் பின்னால் தெரிய, பிரார்த்தனைப் புத்தகத்தின் அட்டைப்படம்போல நின்றார் அந்தோனியார்.

பிளோறன்ஸ் கைகூப்பினாள். பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே வந்தது. அருள் நிறைந்த மரியே வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. கோயிலில் நின்றால் கோயில் கதைதான் வருகிறது என்று நினைத்தாள். இன்றைக்கு என்ன சொல்ல இருக்கிறது? மகள் வந்துவிட்டாள், கணவருக்கு முழங்கால் நோ, டெனிஸ்டனுக்கு வேலை மாற்றம். எல்லாம் சொல்லக்கூடிய விஷயங்கள். ஆனால் அவளுக்குள் இன்னும் அப்படிச் சாதாரணக் குரலில் பேசக்கூடிய ஒருத்தி இருக்கிறாள். அவள் செத்துப்போகவில்லை. அவளை இந்த வெயிலுக்குள் கூட்டிவந்து நிறுத்த முடியாது.

ஆள் மாறி ஆள் எத்தனை நூறு வருடம் அந்த மாடத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்தாள். பிரபுவும் பிரபுவின் மனைவியும் வயிற்றுவலிக்காரப் பிள்ளைகளும். கதவு சாத்திக்கொண்டு, ஒருவரும் பார்க்காமல், உள்ளே வைத்திருக்க முடியாததை விட்டுவிட்டு எழுந்து போனவர்கள். பிழையான இடம் என்று மகள் சொல்கிறாள். அளவு சரியாகத்தானே இருந்தது?

அவளுக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. "வாரும்," என்று அந்தோனியாரைத் தூக்கிக்கொண்டு மேற்குச் சுவருக்கே திரும்ப நடந்தாள். அடிப்பீடம் துளைக்குள் போய் உட்கார்ந்த சத்தம் காதுக்கு நிம்மதியாக இருந்தது.

*

சனிக்கிழமை முதல் பயணத்தில் அவளும் லவினியாவும் மட்டும். மடக்கு மேசைகள், வம்ச வரலாற்றுத் துணிச் சுருள், இரண்டு பெட்டி சொசேஜ். ஏரி அசையாமல் கிடந்தது. லவினியா கயிற்றைக் கையில் சுற்றியபடி முன்பக்கத்தில் இருந்தாள். வெள்ளிக்கிழமை பலகை நட வந்தபோது சுருபம் பழைய இடத்திலேயே நிற்கக் கண்டிருப்பாள். கோபம் இருக்கும் என்று பிளோறன்ஸ் எதிர்பார்த்தாள்.

"நேற்றுத் துளையை அளக்க அவரைத் தூக்கினனான்," என்றாள் லவினியா.

பிளோறன்ஸ் சுக்கானைப் பிடித்தபடி இருந்தாள்.

"அடியில திகதி எழுதியிருக்கு."

"ஓம்."

"என்ர பிறந்தநாளுக்கு அடுத்த நாள்."

"ஓம்."

தீவை நெருங்க மோட்டாரைக் குறைக்க வேண்டும். பிளோறன்ஸ் குறைத்தாள். நாரை ஒன்று சுவரிலிருந்து எழும்பிப் போனது.

"அங்க நிண்டு என்ன சொன்னனீங்கள் அம்மா?"

"கயிற்றை எறி பிள்ளை. கரை வந்திட்டுது."

லவினியா எறிந்தாள். இறங்கும்போது தாயின் கையைப் பிடித்து இறக்கினாள். தினமும் தானாகவே இறங்குகிறவள் பிளோறன்ஸ். இன்றைக்குப் பிடிக்க விட்டாள்.

பத்து மணிக்கெல்லாம் எல்மராட் குடும்பம் முழுவதும் வந்து சேர்ந்துவிட்டது. பதினொரு பேராக ஐந்து பயணம். கடைசிப் பயணத்தில் பெனடிக்டா வந்தார். படகு வழமைபோல் அவருடைய கோட்டுப் பைப் பக்கம் சாய்ந்தது. லவினியா புதிய பலகைகளைச் சுற்றிக் காட்டினாள். வாசல், கோபுரம், சமையலறை. நான்காவது பலகைக்கு வந்ததும் பிள்ளைகள் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, மூச்சு விட முடியாமல் சிரித்தார்கள். "எங்கள் பன்னிரண்டாம் தலைமுறைப் பாட்டனார் இதிலே இருந்துதான் சமாதான உடன்படிக்கை யோசித்திருப்பார்," என்றார் ஒருவர். பலகைக்குப் பக்கத்தில், அதே மாடத்தில், அந்தோனியார் குழந்தை யேசுவோடு பொறுமையாக நின்றார்.

சிரிப்பு அடங்கியதும் பெனடிக்டா பிளோறன்சிடம் வந்தார். கூட்டம் மெல்ல விலகி வட்டமானது. அவர் முன்கூட்டியே எல்லாம் ஒழுங்குசெய்திருந்தார்.

"ஃபிராவ் சூசை, உங்கள் புனிதரை இத்தனை வருடம் இங்கே நிற்க விட்டதற்கு எங்கள் குடும்பம் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எங்களுக்கே இது தெரியாது." அவருடைய கண்களில் சிரிப்பும் இருந்தது, மரியாதையும் இருந்தது. "கிழக்குச் சுவரில் இடம் ஆயத்தம். மழை படாமல் ஒரு சின்னக் கூரை போடுவோம், உங்கள் மகள் அனுமதி எடுத்துத் தந்திருக்கிறாள். மூன்று மணிக்குப் பாதிரியார் வந்து மந்திரிப்பார். கீழே ஒரு கல்லில் உங்கள் பெயரும் பொறிக்கக் கொடுத்திருக்கிறேன். முழுப் பெயர். எழுத்துப் பிழை இல்லாமல்."

பிளோறன்சின் மனம் ஒரு கணம் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தது. பிளோறன்ஸ் சூசைதாசன். கோட்டைக்குள், பிரபுக்களின் கோயிலில். எசன் சனம் வந்து வாசிக்கும். சூசைதாசன் படம் பிடித்து உலகமெல்லாம் அனுப்புவார். அந்த மனுசி முழுப் பெயரையும் எழுத்துக்கூட்டிப் பார்த்திருக்கிறார் என்பதே நெஞ்சை என்னவோ செய்தது.

"நீங்களே உங்கள் கையால் தூக்கி வருவீர்களா?" என்று கேட்டார் பெனடிக்டா.

பிளோறன்ஸ் மகளைப் பார்த்தாள். இதைக் கேட்டு மூன்று நாள் முன்பு தொடங்கியவள் அவள்தான். லவினியா தன்னுடைய மஞ்சள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். பதினான்கு மாதம் பேசாமலிருந்த முகம் இதுவல்ல. சொதிக்கு எப்போது தேசிக்காய் விடுவது என்று கேட்ட குரலின் முகம்.

"உங்கட விருப்பம் அம்மா," என்றாள் தமிழில், மெல்ல. "நான் ஒண்டும் கேக்கேல்லை."

பிளோறன்ஸ் மாடத்தருகே போனாள். சுருபத்தின் தோளில் ஒட்டியிருந்த சிலந்தி நூலைத் துடைத்துவிட்டாள். அடிப்பீடம் துளைக்குள் இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருதரம் அசைத்துப் பார்த்தாள். இருந்தது. பிறகு பெனடிக்டாவின் பக்கம் திரும்பி, அவருடைய கனமான கோட்டுப் பையில் பட்டும்படாமலும் கைவைத்து, தனக்குத் தெரிந்த மிக மரியாதையான ஜெர்மனில் சொன்னாள்.

"மிகவும் நன்றி, ஃபிராவ் ஃபொன் எல்மராட். வேண்டாம். அவர் இங்கேயே நிற்கட்டும்."